ஏறி வரும் வண்டிக்கு வழி

ஓர் ஊருக்கு நூறு முறை போய்வந்த ஒருவர், அந்த ஊர்க் கோயிலுக்குள் ஒருமுறைகூடக் காலெடுத்து வைக்கவில்லை என்றால், அவர் அந்த ஊரைப் பார்த்தவரா, பார்க்காதவரா?

வாசலூர்பட்டி பூபதியோடு கொஞ்சம் நெருங்கிப் பழகியவர்களுக்கு இந்தக் கேள்வி எப்போதாவது எழாமல் இருந்ததில்லை. அவருடைய மனைவி கவிதாவுக்கு மட்டும் அது கேள்வியாக இல்லை, மனக்குறையாகவே இருந்தது.

பூபதி வேன் ஓட்டுகிறவர். பன்னிரண்டு பேர் உட்காரும் வெள்ளை வேன். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இருபத்தாறு வருடமாக ஏறி இறங்குகிறார். சில நாட்களில் சோளக்காட்டுச் சந்தையிலிருந்து மிளகும் அன்னாசியும் கீழே போகும். ஆடி மாதம் முழுக்கச் சுற்றுலாக் கூட்டம். மற்ற மாதங்களில் மலைமேல் இருக்கிற திருப்புலி நாட்டு விவசாயிகள் பத்துப் பேர், பன்னிரண்டு பேர் என்று சேர்ந்து ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், கும்பகோணம் என்று கோயில் பயணம் கிளம்புவார்கள். அவர்களைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, அவர்கள் திரும்பி வரும்வரை பூபதி வண்டியிலேயே இருப்பார்.

அதனால் ஊர்கள் அவருக்கு வண்டி நிறுத்தும் இடங்களாகவே பழக்கம். தஞ்சாவூர் என்றால் பத்து மணிக்கு மேல் நிழல் விலகிப்போகும் ஒரு மதில் ஓரம். ஸ்ரீரங்கம் என்றால் ஏழு மணிக்குள் போனால் கிடைக்கிற வேப்பமரத்தடி. கும்பகோணம் என்றால் கழிப்பறை சுத்தமாக இருக்கும் ஒரு பெட்ரோல் பங்க். பயணம் முடிந்து வீடு திரும்பியதும் கவிதா கேட்பாள்.

"ஏனுங்க, என்ன பாத்தீங்க?"

"நெழல் நல்லாருந்துச்சு புள்ள."

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே அதைத்தான் பார்த்திருந்தார்.

கவிதா ஊர் ஏரியின் படகுத்துறை வாசலில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறாள். மிளகுப் பொட்டலம், மலை வாழைப்பழம், மிளகாய்ப்பொடி தூவிய அன்னாசித் துண்டு. கடையிலிருந்து பார்த்தால் ஏரி முழுசாகத் தெரியும். கீழ்நாட்டிலிருந்து வருகிற தம்பதிகள் மிதிபடகில் அக்கம்பக்கமாக உட்கார்ந்து, ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டே மிதித்துப் போவார்கள். இருபது வருடமாக இதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஓர் ஆசை வந்திருந்தது. பெரிய ஆசை இல்லை. கணவனும் தானும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, ஒரே நேரத்தில் ஒன்றை வேடிக்கை பார்க்கவேண்டும். கல்யாணமாகி இருபத்துமூன்று வருடத்தில் அது நடக்கவில்லை. அவரோடு எங்கே போனாலும் வேனில்தான் போனாள். வேனில் அவர் சாலையைப் பார்ப்பார், அவள் அவருடைய இடது கன்னத்தைப் பார்ப்பாள்.

ஆடிப் பதினெட்டுக் கூட்டம் வடிந்த பிறகு, ஆவணி மாதத்தில் ஒரு வாரம் வண்டிக்குச் சவாரி இல்லை. "மூணு நாளு எங்கயாச்சும் போலாமுங்க, நம்ம ஊட்டாளுங்க மட்டும்" என்று கவிதா ஆரம்பித்தாள். மகள் தேன்மொழி அதைப் பிடித்துக்கொண்டாள். அவள் ராசிபுரத்தில் கல்லூரி படித்து முடித்தவள். படிக்கிறபோதே அங்கே கார் ஓட்டப் பழகி லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆனால் அப்பா தன் வேனைக் கழுவ விடுவாரே தவிர, ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார். கவிதாவின் அண்ணன் சின்னக்கண்ணுவும் சேர்ந்துகொண்டார். சாமையும் மரவள்ளியும் போடுகிற விவசாயி. மனைவி இறந்து நாலு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். முன்பும் குட்டையாக இருக்கவில்லை.

கிளம்புகிற அன்று காலையில் கவிதா சாமையில் புளிச்சோறு கட்டினாள். வண்டியில் ஏறும்போதே சொல்லிவிட்டாள்.

"இந்த தடவ நீங்க டிரைவரு இல்லீங்க. எங்களோட உள்ள வாரீங்க."

"வாரேன், வாரேன்" என்றார் பூபதி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

நாமக்கல்லில் முதல் சோதனை வந்தது. ஊருக்கு நடுவே பாறை ஒரே கல்லாக எழுந்து நிற்கிறது, மேலே கோட்டை. தேன்மொழி முன்னால் ஓடினாள். கவிதா இறங்கி நின்று, கணவன் வரட்டும் என்று பார்த்தாள். பூபதி சக்கரத்தின் அடியில் கல் வைத்துக்கொண்டிருந்தார். சமதரையில் எதற்குக் கல் என்று யாரும் கேட்கவில்லை; கேட்டுப் பயனில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

"வாங்க."

"பாறைதானே? இங்கிருந்தே முழுசாத் தெரியுது. மேல போனா பாறை தெரியாது, ஊருதான் தெரியும்."

"அப்ப ஊரப் பாப்போம்."

"வண்டிய யாரு பாக்கறது?"

சின்னக்கண்ணு குறுக்கே வந்தார். "மாப்பிள்ளை, உங்க வண்டிய எவன் தூக்கிட்டுப் போவான்? தூக்கிட்டுப் போனாலும் ரெண்டாவது வளைவுல திருப்பிக் கொண்டாந்து உட்டுருவான்."

பூபதி சிரித்தார். ஆனால் வரவில்லை.

கல்லணையிலும் அப்படித்தான். காவிரி நிறையப் போய்க்கொண்டிருந்தது. மதகுகளின் மேல் காற்றில் நின்றபோது கவிதாவின் முகத்தில் தண்ணீர்த் துளி தெறித்தது. இவ்வளவு தண்ணீர் ஒரே பக்கமாகப் போவதை அவள் பார்த்ததில்லை. மலையில் தண்ணீர் விழும். இங்கே அது நடந்து போனது. இதை யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் அண்ணன் இருந்தார். "இத்தன நெலம் தட்டையாக் கெடக்குது, ஒருத்தனாச்சும் சாமை போட்டிருக்கானா பாரு" என்று அவர் வயலைப் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அவள் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் திருவையாற்றுப் பக்கம் ஒரு சின்ன ஆற்றுப் பாலத்தில் அந்தச் சம்பவம் நடந்தது.

மலைப்பாதையில் ஒரு முறை உண்டு. ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி வழி விடவேண்டும். இறங்குகிறவன் எந்த இடத்தில் நின்றாலும் மறுபடி சுலபமாகக் கிளம்பிவிடலாம். ஏறுகிறவன் நின்றால், பாரத்தோடு மறுபடி எடுப்பது கஷ்டம்; சில சமயம் வண்டி பின்னால் போய்விடும். எழுதிவைத்த சட்டத்தைவிட இதை மலை டிரைவர்கள் மதிப்பார்கள். பூபதிக்கு இது கையிலும் காலிலும் ஊறிப்போயிருந்தது. எந்த அளவுக்கு என்றால், தெருமுனை கண்ட இடமெல்லாம் நீளமாக ஹாரன் அடிக்கிற பழக்கத்தைப்போலவே, இதையும் அவர் கீழ்நாட்டுக்குச் சேர்த்தே எடுத்துவருவார்.

அந்தப் பாலம் நடுவில் கொஞ்சம் முதுகு தூக்கியது. பூபதியின் வேன் முதுகைத் தாண்டி இறங்கத் தொடங்கியது. எதிரே ஒரு டவுன் பஸ் பாலத்தில் ஏறியது. இரண்டு வண்டியும் தாராளமாகப் போக இடம் இருந்தது. பூபதி இடதுபுறம் ஒதுக்கி, நிறுத்தி, கையை வெளியே நீட்டி, "வாங்க" என்று காட்டினார். பஸ்காரர் ஏதோ விபரீதம் என்று நினைத்துத் தானும் நிறுத்திவிட்டார். வேனுக்குப் பின்னால் ஒரு டிராக்டர், ஏழெட்டு பைக்குகள். எல்லாம் கத்தத் தொடங்கின. பஸ் கண்டக்டர் இறங்கி வந்தார்.

"என்னா சார், வண்டி நின்னு போச்சா?"

"இல்லீங்க. நீங்க ஏறி வாரீங்க. அதான் நின்னேன்."

"எங்க ஏறுறோம்?"

"பாலத்துல."

கண்டக்டர் பாலத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறந்ததிலிருந்து பார்த்த பாலம் அது. அதில் ஏற்றம் இருப்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. "எந்த ஊரு சார் நீங்க?"

"கொல்லிமலைங்க."

"அதானே பாத்தேன்" என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸைப் பார்த்துக் கூவினார். "அண்ணே, ஏறி வாங்களாம், மலைக்காரரு வழி உட்டுருக்காரு!" பஸ்ஸில் இருந்தவர்கள் சிரிக்க, பஸ் அவர்களைக் கடந்து போயிற்று. போகும்போது அந்த டிரைவர் கையை நெற்றியில் வைத்து ஒரு சலாம் போட்டார். பூபதி திருப்பிப் போட்டார். இருவரில் ஒருவர் போட்டது விளையாட்டாக, மற்றவர் போட்டது நிஜமாக.

"மாப்பிள்ளைக்குத் தஞ்சாவூருலயும் மலைதான்" என்றார் சின்னக்கண்ணு. தேன்மொழி சீட்டில் சாய்ந்து சிரித்தாள். கவிதாவும் சிரித்தாள். ஆனால் அவளுக்கு உள்ளே ஒன்று தோன்றியது. ஊர்பேர் தெரியாத பஸ்ஸுக்காகச் சட்டென்று நிற்கத் தெரிந்த மனிதனுக்கு, பெண்டாட்டி கூப்பிட்டால் ஏன் இறங்கத் தெரியவில்லை?

இரவு தஞ்சாவூரில் அறை எடுத்தார்கள். பூபதி வேனிலேயே படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் பெரிய கோயில். அவர் வாசலிலிருந்தே வழி சொன்னார்.

"உள்ள போனதும் எடது பக்கமாப் போங்க. பத்து மணிக்கு மேல கல்லு சுடும், பாய் போட்டிருப்பாங்க, அதும்மேலயே நடங்க. நந்தியப் பாத்துட்டு அப்பறம் சுத்துங்க. பின்னாடி மதில் ஓரம் உக்காந்தா காத்து வரும். அங்க உக்காந்து கோபுரத்தப் பாக்கோணும். கிட்டப் போயி பாத்தா கழுத்துத்தான் வலிக்கும்."

"நீங்கதான் உள்ளயே போனதில்லையே அப்பா" என்றாள் தேன்மொழி.

"போனவங்க சொல்லுவாங்கல்ல கண்ணு."

உள்ளே எல்லாம் அவர் சொன்னபடியே இருந்தது. பாய் இருந்தது, மதில் ஓரம் காற்று வந்தது. இருபத்தாறு வருடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்த அறிவு, ஓர் இடத்திலும் தவறவில்லை. அதுதான் கவிதாவுக்குக் கோபத்தைத் தந்தது. இவ்வளவு தெரிந்தவருக்கு வந்து பார்க்கவேண்டும் என்று தோன்றாதா? ஒன்றைப் பற்றி முழுக்கத் தெரிந்துகொண்டால் அதைப் பார்க்கவேண்டிய அவசியம் போய்விடுகிறதா? அவள் அப்படியெல்லாம் வார்த்தை போட்டு யோசிக்கவில்லை. கோபுரத்தின் உச்சிக்கல்லைப் பார்த்துக்கொண்டே, பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் தண்ணீர் பாட்டிலை எடுத்து வைத்தாள். அவ்வளவுதான்.

தாராசுரத்திலும் அவர் இறங்கவில்லை. அன்று ராத்திரி கும்பகோணத்தில் சாப்பிடும்போது கவிதா நேராகவே கேட்டாள்.

"அப்படி அந்த வண்டியில என்னதான் இருக்குது?"

பூபதி தோசையைப் பிய்த்துக்கொண்டு யோசித்தார். பதில் சொல்லாமல் தப்பிப்பவர் அல்ல அவர். பதில்தான் எப்போதும் போதாது. "வண்டிய உட்டுட்டு வந்தேன்னா மனசு வண்டியிலதான் இருக்கும். மனசு அங்க இருக்கறப்ப ஒடம்ப மட்டும் எதுக்கு இழுத்துட்டு அலையோணும்? அதுவும் அங்கயே இருக்கட்டும்."

"எம் மனசும் அங்கதான் இருக்குது. அப்ப நானும் அங்கயே இருந்துக்கறேன்" என்றாள் கவிதா.

யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மூன்றாம் நாள் காலை, கங்கைகொண்ட சோழபுரத்தில் வண்டி நின்றதும் அவள் இறங்கவில்லை. தேன்மொழியும் சின்னக்கண்ணுவும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். கவிதா முன் சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பூபதிக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவருடைய இடத்தில் அவரோடு இன்னொருவர் இருந்து பழக்கமில்லை. இறங்கி டயரைத் தட்டினார். கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

"போய்ப் பாத்துட்டு வா புள்ள. இவ்வளவு தூரம் வந்துட்டு."

"நீங்க பாக்காதது எனக்கு எதுக்குங்க."

வேலை நாள்; கூட்டம் இல்லை. சாலையோரத்தில் ஓர் அம்மா கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்தாள். வேனைப் பார்த்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"வாங்க தம்பி, மூணு மாசமாக் காணோமே? இன்னைக்குச் செவப்புக் கொய்யா நிறைய இருக்கு." பிறகு முன் சீட்டைக் குனிந்து பார்த்தாள். "இதாரு, வீட்டம்மாவா? நீதானா அந்தச் செவப்புக் கொய்யா! வெள்ளைய எவ்வளவு நல்லதாக் குடுத்தாலும் உம் புருசன் தொடமாட்டான். வீட்டுல செவப்புதான் பிடிக்கும்பான்."

கவிதா கையைப் பிரித்தாள். வருடத்தில் மூன்று நான்கு தடவை அவர் கொண்டுவந்து வைக்கிற சிவப்புக் கொய்யா நாமக்கல் சந்தையில் வாங்கியது என்றே அவள் நினைத்திருந்தாள். எங்கே வாங்கியது என்று கேட்டதில்லை. என்ன பார்த்தீர்கள் என்றுதான் கேட்டிருக்கிறாள்.

ஒரு பழத்தைக் கடித்துக்கொண்டே அவள் முன்னால் பார்த்தாள். மதிலுக்கு மேலே கோபுரம் முழுதும் முன்கண்ணாடிக்குள் வந்திருந்தது. வண்டியை இந்தக் கோணத்தில் நிறுத்தினால்தான் அப்படி வரும்.

"அந்த மேல் மூலையில பாரு" என்றார் பூபதி. கண்ணாடியில் விரல் வைத்துக் காட்டினார். "ரெண்டாவது அடுக்கு. கல்லு சந்துல கிளி கூடு. ஆறு வருசமா இருக்குது. பதினோரு மணிக்கு வெளிய வரும்."

அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினொன்றே காலுக்கு ஒரு கிளி வந்தது. பூபதி ஏதோ தானே ஏற்பாடு செய்ததுபோல் திரும்பி அவளைப் பார்த்தார்.

அப்படியானால் அவர் பார்க்காதவர் இல்லை. இது கவிதாவுக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. ஆனால் முழுத் திருப்தி என்று சொல்லிவிட முடியாது. கிளியைப் பார்த்த நேரத்திலும் அவர் ஸ்டியரிங்குக்குப் பின்னால்தான் இருந்தார்; ஒரு கை அதன் மேலேயே இருந்தது. அவள் பக்கம் இருந்தது அதே இடது கன்னம்.

"இருவத்திமூணு வருசமா இந்தக் கன்னத்தையே பாத்துட்டு வாரேன்" என்றாள். "ஒரே ஒரு தடவ நீங்களும் பின்னாடி சீட்டுல எம் பக்கத்துல உக்காரோணும். ரெண்டு பேரும் ஒரே ஜன்னல்ல பாக்கோணும். கோயில்கூட வேண்டாமுங்க. ரோடு போதும்."

"அப்ப வண்டிய யாரு ஓட்டறது?"

"பெத்து வெச்சிருக்கோமே ஒருத்திய."

பூபதி சிரித்தார். அதற்குள் மற்ற இருவரும் வந்துவிட்டார்கள். அவர் வண்டியை எடுத்தார்.

அரியலூர், பெரம்பலூர், துறையூர் என்று திரும்புகிற வழி நீளமானது, வெயில் வேறு. நெல்வயல் போய் மானாவாரிக் கரிசல் வந்தது. சோளமும் பருத்தியும் வந்தன. துறையூர் தாண்டியதும் வடக்கே மலை தெரியத் தொடங்கியது. "அப்பாடி, நெலம் எந்திரிச்சு நிக்குது" என்றார் சின்னக்கண்ணு. கவிதா கொய்யாப்பழப் பையை மடியில் வைத்துக்கொண்டு அரைத் தூக்கத்தில் இருந்தாள். மூன்று நாளும் நன்றாகத்தான் இருந்தது. கேட்டது கிடைக்கவில்லை என்பதற்காக எல்லாவற்றையும் குறை சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

நாலு மணிக்குக் காரவள்ளி வந்தது. மலைப்பாதை தொடங்குகிற இடம். அங்கே டீ குடிப்பதும், பயணிகளுக்காக எலுமிச்சம்பழமும் பாலிதீன் பையும் வாங்கி வைப்பதும் பூபதியின் வழக்கம். வளைவில் தலைசுற்றுகிறவர்கள் மோந்துகொள்ள எலுமிச்சை. அதற்கும் அடங்காதவர்களுக்குப் பை. வழக்கம்போல் வாங்கினார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி நாலு டயரையும் தட்டினார். பிறகு டிரைவர் பக்கம் போகாமல், நடுக்கதவைத் திறந்து ஏறி, இரண்டாவது வரிசையில் இடது ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். சாவியை முன்னால் நீட்டினார்.

"தேனு, எடு. ரெண்டாவது கியர்லயே ஏறு. எல்லா வளைவுலயும் ஹாரன் அடிக்கோணும்."

தேன்மொழி சாவியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அவர் மனசு மாறுவதற்குள் ஓடிப்போய் ஏறினாள்.

"அடுத்த பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்று டீக்கடைக்காரரிடம் சின்னக்கண்ணு கேட்டார். கேட்டுவிட்டு, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஏறு அம்மிணி, போனா எல்லாரும் சேந்து போவோம்."

கவிதா ஏறிக் கணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டியில் அவருடைய வலது கன்னம் அவள் பக்கம் இருப்பது இதுதான் முதல் தடவை. அது இடது கன்னத்தைவிடக் கறுத்திருந்தது. இருபத்தாறு வருட ஜன்னல் வெயில். வீட்டில் தினம் பார்க்கிற முகம்தான். இரண்டு பக்கத்துக்கும் நிறம் வேறு என்று அவளுக்கு இதுவரை பட்டதில்லை.

தேன்மொழி நன்றாகவே ஓட்டினாள். அப்படிச் சொல்வதைவிட, தவறாக ஓட்டவில்லை என்று சொல்வது சரியாக இருக்கும். மூன்றாவது வளைவில் இன்ஜின் ஒருமுறை நின்றது. சின்னக்கண்ணு குலதெய்வத்தைக் கூப்பிட்டார். ஒவ்வொரு வளைவிலும் பூபதியின் வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை அழுத்தியது. கவிதா அதைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தன் கால் பெருவிரலை அவர் பாதத்தின் மேல் வைத்தாள். அழுத்துவது நின்றது.

பத்தொன்பதாவது வளைவில் மேலிருந்து ஒரு மர லாரி இறங்கி வந்தது. சோளக்காட்டுத் தனபால் லாரி. பூபதியின் பழைய கூட்டாளி. முறைப்படி லாரி ஒதுங்கி நின்றது. தேன்மொழி ஹாரன் அடித்து மெதுவாக ஏறினாள். தனபால் டிரைவர் சீட்டைப் பார்த்துக் கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது.

"ஏ, பூபதி எங்கடா?"

"இங்கதான்" என்று கவிதாவைத் தாண்டி வலது ஜன்னல் பக்கம் தலையை நீட்டினார் பூபதி. "வண்டிய நல்லா ஒதுக்கு. புள்ள ஏறி வருது."

தனபால் இன்னும் ஓர் அடி ஒதுக்கினார். கடந்து போனபிறகு பின்னாலிருந்து இரண்டு முறை ஹாரன் கேட்டது.

இருபத்தைந்து தாண்டியதும் பூபதியின் பேச்சு நின்றது. முகம் வெளுத்தது. நெற்றியில் வேர்வை. கவிதாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது எலுமிச்சம்பழத்தைத் தேடி எடுத்து அவர் மூக்கருகே பிடித்தாள். இருபத்தாறு வருடமாக ஆயிரக்கணக்கான பேருக்கு அவர் நீட்டிய பழம். முப்பத்தொன்றாவது வளைவுக்கு மேல் எலுமிச்சை போதவில்லை, பையும் தேவைப்பட்டது.

தேன்மொழி அகலமான இடம் பார்த்து நிறுத்தினாள். சக்கரத்துக்குக் கல்லும் வைத்தாள். சின்னக்கண்ணு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கொல்லிமலை டிரைவரு கொல்லிமலை ரோட்டுல வாந்தி எடுத்தாருன்னு சொன்னா எவன் நம்புவான்? மாப்பிள்ளை, ஓட்டறவனுக்கு வளைவு முன்னாடியே தெரியும். உக்காந்திருக்கறவனுக்கு வந்தப்பறம்தான் தெரியும். இப்பத் தெரியுதா எங்க பொழப்பு?"

பூபதி வாய் கொப்பளித்துவிட்டுத் தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கவிதா முதுகைத் தடவிவிட்டாள். கீழே சமவெளி சாயங்கால வெயிலில் கிடந்தது. தூரத்தில் ஒரு நகம் அளவுக்கு நாமக்கல் பாறை தெரிந்தது.

"போதும்ப்பா" என்று சொல்லித் தேன்மொழி சாவியை நீட்டினாள். அவள் முகத்தில் வருத்தம் இல்லை. "முப்பத்தோரு வளைவு ஏத்திட்டேன். மீதிய நீங்களே ஓட்டுங்க. ஸ்டியரிங்கப் பிடிச்சாச் சரியாயிரும்."

அது உண்மை. ஸ்டியரிங்கைப் பிடித்தால் சரியாகியிருக்கும். கவிதாவும் அதையே சொன்னாள். "போய் ஓட்டுங்க. நான் கேட்டது கெடச்சுப் போச்சு. இதுக்கு மேல எதுக்கு ஒடம்ப வருத்திக்கறது?"

சோளக்காட்டு ஸ்டாண்டில் இதைப் பற்றிப் பேச்சு ரொம்ப நாள் நடந்தது. மகளிடம் வண்டியை ஏன் கொடுத்தாய் என்று தனபால் நேரில் கேட்டார். பூபதி, பின்டயரில் காற்று குறைச்சலாக இருக்கிறது பார் என்று லாரியைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். கவிதாவுக்காக என்றார்கள் சிலர், மகளுக்காக என்றார்கள் சிலர். மறுநாளிலிருந்து வழக்கம்போல் அவர்தான் ஓட்டுகிறார். கோயில் வாசல்களில் வண்டியோடுதான் இருக்கிறார். சிவப்புக் கொய்யா வருகிறது. கவிதா இன்றுவரை காரணம் கேட்கவில்லை. அன்று கடைசியில் நடந்தது இவ்வளவுதான்.

பூபதி மகள் நீட்டிய சாவியைப் பார்த்தார். திறந்திருந்த டிரைவர் கதவைப் பார்த்தார். மிச்சமிருந்த எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, நடுக்கதவு வழியாக ஏறி, அதே ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, "போ கண்ணு" என்றார். கவிதா ஏறியதும் கதவை அவரே இழுத்துச் சாத்தினார்.